பூட்டிய கதவும் பதினெட்டு ஆண்டுகளும்

ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் செய்த செயல்களைத் தேடித் தொகுப்பர். செய்யாதவற்றை யாரும் தொகுப்பதில்லை. ஆயினும் சிலருடைய வாழ்க்கையில், ஒன்றும் செய்யாமல் கழிந்ததாகத் தோன்றும் காலமே மிகுந்த பொருள் உடையதாக அமைந்துவிடுகிறது. செய்யாமல் கழித்தார் என்பதும் பிழை. செய்யவிடாமல் நிறுத்தப்பட்டார் என்பதே பொருத்தம். அத்தகைய வரலாறு ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். போர் வென்ற அரசியின் வரலாறு அன்று. நாடு ஆண்ட தலைவியின் வரலாறும் அன்று. ஆஸ்திரேலியாவில் பந்தாடிய ஒரு பெண்ணின் வரலாறு. அவர் பெயர் எரின் பிலிப்ஸ்.

வரலாறு பேச வந்தவனுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஒரு சமுதாயம் யாரை எங்கே நிற்கச் சொல்கிறது என்பதை அதன் சட்டப் புத்தகங்களைக் காட்டிலும் அதன் ஆடுகளங்கள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அந்த வேலைதான் எனக்கு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் ஆடும் கால்பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் விளங்காது. நானே அதன் படக்காட்சியை முதன்முறை பார்த்தபோது, யார் எதற்காக ஓடுகிறார் என்பது புரியாமல் அரை மணி நேரம் விழித்தேன். ஆடுகளம் முட்டை வடிவம்; கிரிக்கெட் ஆடும் பெரிய மைதானமே இதற்கும் பயன்படுகிறது. பந்தும் முட்டை வடிவமே. அதை உதைக்கலாம், பிடிக்கலாம், ஏந்திக்கொண்டு ஓடலாம். எறிய மட்டும் கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து, மற்றொரு கையை மடக்கிக் குத்தித்தான் தன் பக்கத்தாருக்கு அனுப்பவேண்டும். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நாட்டியிருப்பர். நடுவிலுள்ள உயர்ந்த இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் அது 'கோல்'. அதற்கு 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் சென்றால் 'பிஹைண்ட்'. அதற்கு 1 புள்ளி. குறி தவறியவனுக்கும் வெறுங்கையோடு போகாதே என்று ஒரு புள்ளி கொடுக்கும் தயாளம் இந்த ஆட்டத்துக்கு உண்டு. இந்த ஒற்றைப் புள்ளியை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இவ்வாட்டத்தின் விதிகள் 1859-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் எழுதப்பட்டன. எழுதினவர் ஆண்கள்; ஆடினவரும் ஆண்கள். பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள் என்று எண்ணுவது தவறு. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1915-இல், மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரில் கடைகளில் வேலை செய்த பெண்கள் அணி சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். 1929-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில், அடிலெய்டு ஓவல் என்னும் பெயர்பெற்ற மைதானத்தில், பெண்கள் ஆடிய ஒரு பந்தயத்தைக் காண 41,000 பேர் திரண்டார்கள் என்பது பதிவு. அந்த 41,000 பேரும் எங்கே போனார்கள்? அடுத்த ஆண்டு ஏன் வரவில்லை? வரவேற்பு இல்லாமையால் பெண்கள் ஆட்டம் வளரவில்லை என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் இந்த எண்ணுக்கு என்ன விடை சொல்வார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பெண்கள் ஆட்டத்தை ஒரு நாள் விழாவாக அனுமதித்தார்கள். ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாக அமைக்க முன்வந்தவர் மிகச் சிலர். வேறுபாடு இதுதான்.

இந்தப் பின்னணியில்தான் 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் எரின் பிலிப்ஸ் பிறந்தார். தந்தை கிரெக் பிலிப்ஸ், அவ்வாட்டத்தில் பெரும்புகழ் பெற்றவர். அடிலெய்டின் துறைமுகப் பகுதியில் 1870-இல் தோன்றிய போர்ட் அடிலெய்டு கழகத்துக்காக ஆடி, எட்டு முறை வெற்றிக்கோப்பை பெற்ற அணிகளில் இடம்பெற்றவர். இடையில் நான்காண்டுகள் மெல்போர்னின் காலிங்வுட் கழகத்துக்கும் ஆடினார். கைத்தொழில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை தந்தையின் கருவிகளோடு விளையாடி வளர்வதுபோல, இப்பெண்ணும் அந்த முட்டை வடிவப் பந்தோடு வளர்ந்தாள். சிறுவர்களோடு சேர்ந்து ஆடினாள். போர்ட் அடிலெய்டின் சட்டையை அணிந்து, தந்தை ஓடிய மண்ணில் தானும் ஓடவேண்டும் என்பது அவள் கனவு.

13 வயது ஆயிற்று. அத்தோடு நின்றது. அந்த வயதுக்குமேல் சிறுவர் அணியில் சிறுமிக்கு இடம் இல்லை. சிறுமியருக்கென்று அவளுக்கு ஏற்ற தனி அணியும் இல்லை. அவள் ஆட்டத்தில் குறை கண்டு யாரும் அவளை நீக்கவில்லை; காயம்பட்டு விலகவும் இல்லை. கூட ஆடிய சிறுவர்கள் அடுத்த ஆண்டு ஒரு படி மேலே ஏறினார்கள். அவளுக்குப் படியே இல்லை.

இவ்விடத்தில் நான் சிறிது நிற்க விரும்புகிறேன். கதவு பூட்டியது என்று நாம் சொல்லும்போது, பூட்டியவன் ஒருவன் இருந்தான் என்று மனம் தேடுகிறது. வரலாற்றில் பல கதவுகளுக்குப் பூட்டியவன் அகப்படுவதில்லை. 'இது வழக்கம்' என்பார்கள், 'சிறுமிக்கு அடிபட்டுவிடும்' என்பார்கள், நல்லெண்ணத்தோடும் சொல்வார்கள். இதே வழக்கம் 2004-இல் விக்டோரியா மாநிலத்தில் நீதி விசாரணைக்கு வந்தது. மூன்று சிறுமியர் தங்களைச் சிறுவர் அணியிலிருந்து விலக்கியது செல்லாது என்று வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு இரண்டாகப் பிளந்தது: இளைய வயதுப் பிரிவில் விலக்கியது முறையன்று, மூத்த பிரிவில் உடல் வலிமையின் வேறுபாட்டைக் கருதி விலக்கலாம். மூவரில் மூத்தவரான பென்னி கூலா ரீட் அதனால் வெளியே நிற்கவேண்டியதாயிற்று. ஆனால் அவ்வழக்கின் பயனாகவே, அவ்வாண்டிலேயே அம்மாநிலத்தில் இளம் பெண்களுக்கென்று தனிப் போட்டி ஏற்பட்டது. அதில் ஆடி வளர்ந்த பென்னி பின்னர்க் காலிங்வுட்டின் பெண்கள் அணிக்கு ஆடினார். ஒரு வழக்கில் தோற்றவர் தாம் கேட்டதைக் காட்டிலும் பெரியதொன்றைப் பிறருக்குப் பெற்றுத்தருவதும் உண்டு போலும்.

எரின் பிலிப்ஸுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அவருடைய பதின்மூன்றாம் வயது அதற்கு ஆறு ஆண்டு முன்னரே வந்துவிட்டது. அவர் கூடைப்பந்துக்குப் போனார். போக்கிடம் இல்லாமல் போன இடத்தில் அவர் அடைந்த உயர்வைப் பாருங்கள். 2005-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் சன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2006-இல் பிரேசில் நாட்டில் நடந்த உலகப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியில் அவர் இருந்தார். அந்நாட்டுப் பெண்கள் கூடைப்பந்தில் உலக வெற்றி பெற்றது அதுவே முதன்முறை. 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம். 2012-இல் இண்டியானா ஃபீவர் அணியோடும், 2014-இல் ஃபீனிக்ஸ் மெர்குரி அணியோடும் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் வெற்றிக்கோப்பை. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கின் கால் இறுதியில் ஆஸ்திரேலியா செர்பியாவிடம் 71-க்கு 73 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. அப்போது அவருக்கு வயது 31. வேறொருவராக இருந்தால் வாழ்க்கைக் குறிப்பு இத்துடன் முடிந்திருக்கும். அதுவே நல்ல குறிப்பாகவும் இருந்திருக்கும்.

இதைக் கேட்டதும், 'பந்தாட்டத்தை இழந்ததும் நன்மைக்கே; இல்லாவிட்டால் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்திருக்குமா?' என்று சிலர் சொல்வர். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு திறமை மற்றொரு வாய்க்காலில் பாய்ந்து வயலை விளைவித்தது என்றால், முதல் வாய்க்காலை அடைத்தது அறம் ஆகிவிடாது. அன்றியும் இவர் ஒருவர் உயரமும் வேகமும் குடும்ப ஆதரவும் உடையவராய் இருந்து மற்றோர் ஆட்டத்தில் கரையேறினார். பதின்மூன்று வயதில் பந்தைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதையும் எடுக்காமல் வீட்டுக்குப் போன சிறுமியர் எத்தனை பேர்? அவர்களுக்குப் புள்ளிப் பட்டியல் இல்லை. வரலாறு அவர்களைப் பற்றி எழுதக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கதவு திறந்தது 2017-இல். 2013-லேயே மெல்போர்னின் பெரிய மைதானத்தில் இரு கழகங்களின் பெயரில் பெண்கள் அணிகள் காட்சிப் பந்தயம் ஆடின. தேசிய லீக் 2020-இல்தான் என்று முதலில் நினைத்திருந்தவர்கள், கூட்டத்தின் ஆர்வத்தைக் கண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கினார்கள். எட்டு அணிகள். பக்கத்துக்கு ஆண்களைப்போல் 18 பேர் அல்லர், 16 பேர். பந்தும் சற்றுச் சிறியது. ஆட்ட நேரமும் குறைவு. பருவம் முழுவதும் ஏழு சுற்றுகள். பின் ஓர் இறுதிப் பந்தயம். பெப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிட்டது. அங்கே அது கடுங்கோடை.

முதல் பந்தயம் 2017 பெப்ரவரி 3-ஆம் நாள் இரவு, மெல்போர்னில் கார்ல்டன் கழகத்தின் பழைய மைதானத்தில். கட்டணம் இல்லை. 24,568 பேர் உள்ளே புகுந்ததும் வாயில்களை மூடவேண்டியதாயிற்று. வெளியே மேலும் பலர் நின்றனர். லீக்கின் தலைமை நிருவாகி வெளியே வந்து, இடம் கிடைக்காதவர்களிடம் தாமே மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததை அறிந்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஊதியத்தையும் சொல்லவேண்டும், ஏனெனில் தொழில்முறை வீராங்கனை என்னும் சொல்லின் எடை அங்கேதான் தெரியும். அந்த முதற் பருவத்துக்கு ஒவ்வொரு கழகத்திலும் முதன்மையான இருவருக்குத் தலைக்கு 27,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த நிலையினருக்கு 12,000. மற்றவர் எல்லோருக்கும் 8,500. இந்த 8,500-ம் பேச்சுவார்த்தைக்குப் பின் உயர்ந்தது. முதலில் கொடுக்க நினைத்தது 5,000. அதே காலத்தில் ஆண் வீரர் ஒருவரின் சராசரி ஆண்டு ஊதியம் மூன்று லட்சம் டாலருக்கு மேல். ஆகவே பெண்கள் பகலில் ஆசிரியராகவும் செவிலியராகவும் காவலராகவும் வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். பிலிப்ஸும் அந்தப் பருவம் முடிந்ததும் டாலஸ் நகரத்துக் கூடைப்பந்து அணியின் அலுவலுக்கு அமெரிக்கா சென்றார். அவர் மனைவி ட்ரேசி கேஹன் அமெரிக்கர்; கூடைப்பந்து ஆடியவர். அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள் பிறந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு மாதம் வீராங்கனை, பத்து மாதம் வேறு வேலை என்பதே அன்றைய தொழில்முறை.

போர்ட் அடிலெய்டு கழகத்துக்கு 2017-இல் பெண்கள் அணியே இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் இடம்பெற்றது அதன் தீராத போட்டியாளரான அடிலெய்டு கழகம். பிலிப்ஸ் அதில் சேர்ந்தார். தந்தையின் கழகத்து அன்பர்களுக்கு இது சற்றுக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். அடிலெய்டு தேர்ந்தெடுத்த இரு முதன்மை வீராங்கனையரில் அவர் ஒருவர் அல்லர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்த ஒரு கூடைப்பந்துக்காரியிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது என்று யாருக்குத் தெரியும்? ஆயினும் செல்சி ராண்டலோடு இணைத் தலைவியாக அவரை நியமித்தார்கள். பயிற்சியாளர் பெக் கொடார்ட் என்னும் பெண்மணி. வீராங்கனையரில் ஒரு பகுதியினர் அடிலெய்டிலும், மற்றொரு பகுதியினர் நெடுந்தொலைவு வடக்கே டார்வின் நகரிலும் இருந்து தனித்தனியே பயின்று, பந்தயத்துக்கு ஒன்றுசேர்ந்த விந்தையான அணி அது.

இறுதிப் பந்தயம் மார்ச் 25-ஆம் நாள். எதிரே, அதுவரை தோல்வியே காணாத பிரிஸ்பேன் அணி. பிரிஸ்பேனின் சொந்த மைதானத்தில் அது நடந்திருக்கவேண்டும். ஆனால் புகழ்பெற்ற பாடகி அடேலின் இசைநிகழ்ச்சிகள் அங்கே நடந்து புல்தரை கெட்டுப்போயிருந்தமையால், கோல்ட் கோஸ்ட் நகருக்கு மாற்றினார்கள். நாட்டின் முதல் பெண்கள் இறுதிப் பந்தயத்துக்குப் புல்தரை கிடைக்கவில்லை என்பதை நான் சிரிப்போடு மட்டும் சொல்லவில்லை.

முடிவு: அடிலெய்டு 35 புள்ளி, பிரிஸ்பேன் 29 புள்ளி. இனி, நான் நினைவில் வைக்கச் சொன்ன ஒற்றைப் புள்ளிக்கு வருவோம். இரண்டு அணிகளும் நான்கு நான்கு கோல்கள்தாம் போட்டன. அதாவது 24-க்கு 24. அடிலெய்டுக்குப் பதினொரு பிஹைண்ட், பிரிஸ்பேனுக்கு ஐந்து. ஆறு புள்ளி வெற்றி முழுவதும் குறி தவறிய உதைகளால் வந்தது! நான்கில் இரண்டு கோல்களைப் போட்டவர் பிலிப்ஸ். களத்தில் சிறந்தவர் என்னும் பதக்கமும் அவருக்கே. சில நாளில் அந்த ஆண்டின் லீக்கிலேயே மிகச் சிறந்தவர் என்னும் விருதும் அவருக்கு வந்தது. பதின்மூன்றாம் வயதில் விட்ட பாடத்தை முப்பத்தோராம் வயதில் தொடர்ந்தவர் வகுப்பில் முதல்வரானார்.

அடுத்து நான் சொல்லவிருக்கும் நாள் 2019 மார்ச் 31. மீண்டும் இறுதிப் பந்தயம். இம்முறை கார்ல்டன் எதிரணி. இடம் அடிலெய்டு ஓவல். 90 ஆண்டுகளுக்கு முன் 41,000 பேர் கூடிய அதே மைதானத்தில் அன்று கூடியவர் 53,034 பேர். அடிலெய்டு 63-க்கு 18 என்று வென்றது. ஆனால் அந்நாளை நினைப்பவர் நினைப்பது வெற்றியை அன்று. மூன்றாம் கால் பகுதியில் பிலிப்ஸ் ஓடியபடியே திரும்பியபோது இடது முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைத்து நிற்கும் நார் அறுந்துவிட்டது. பந்தாடுவோருக்கு இதைக்காட்டிலும் அஞ்சத்தக்க காயம் குறைவு. அறுவை செய்துகொண்டு தேற ஓராண்டு ஆகும். அவருக்கு அப்போது 33 வயது. தூக்குப் படுக்கையில் வைத்து வெளியே கொண்டுசென்றபோது எதிரணிப் பெண்கள் அருகில் வந்து கைகொடுத்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பாதி ஆட்டத்துக்குச் சற்று மேல்தான் ஆடியிருந்தார். ஆயினும் களத்தில் சிறந்தவர் பதக்கம் அன்றும் அவருக்கே அளிக்கப்பட்டது. ஊன்றுகோலோடு நின்று அதைப் பெற்றுக்கொண்டார். லீக்கின் மிகச் சிறந்தவர் விருதும் இரண்டாம் முறையாக அவருக்கே வந்தது.

இழந்த பதினெட்டு ஆண்டின் விலை எனக்கு அன்றுதான் விளங்கிற்று. இருபது வயதில் இந்தக் காயம் நேர்ந்தால் ஓராண்டு போகும். முப்பத்து மூன்றில் நேர்ந்தால், இருக்கின்ற சில ஆண்டுகளிலிருந்து ஒன்று போகும்.

அவர் திரும்பி வந்தார். 2020-ஆம் ஆண்டுப் பருவம் நோய்த்தொற்றால் வெற்றியாளர் இன்றியே நின்றுபோயிற்று. 2021-இல் இறுதிப் பந்தயத்தில் பிரிஸ்பேன் பழிதீர்த்தது. 2022 ஏப்ரலில் மெல்போர்னை 29-க்கு 16 என்று வென்று அடிலெய்டு மூன்றாம் முறை கோப்பை பெற்றது. மூன்றிலும் பிலிப்ஸ் ஆடியிருந்தார். அவ்வாண்டில் ஊதியமும் ஏறக்குறைய இருமடங்காக உயர்ந்தது. மிகக் குறைந்த நிலையில் உள்ளவருக்கு 39,184 டாலரும், மிக உயர்ந்த நிலையினருக்கு 71,935 டாலரும் என ஆயிற்று. 2023-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஊதிய ஒப்பந்தம் முதன்முறையாகக் கையெழுத்தாயிற்று. இரண்டும் சமமாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஒரே தாளில் எழுதப்பட்டன என்கிறேன்.

2022-இல் லீக்கில் எஞ்சியிருந்த கழகங்களும் பெண்கள் அணி அமைத்தன, பதினெட்டும் நிறைந்தது. அவற்றுள் ஒன்று போர்ட் அடிலெய்டு. மூன்று கோப்பை பெற்றுத்தந்த கழகத்தை விட்டுப் பிலிப்ஸ் அங்கே போனார். வெற்றி நிச்சயமான இடத்தை விட்டு, புதிய பெண்கள் நிறைந்த, தோற்கப்போகும் அணிக்குப் போவது தொழில்முறைக் கணக்குக்குப் பொருந்தாது. அவர் கணக்கு வேறு. அவ்வாண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் பெர்த் நகரில் நடந்த முதல் பந்தயத்தில், போர்ட் அடிலெய்டு பெண்கள் அணியை முதல் தலைவியாக நின்று களத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தக் கழகம் தோன்றி அப்போது 152 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 37. அன்று தோற்றார்கள். செப்டம்பரின் இறுதியில் அடிலெய்டு ஓவலில் பழைய தோழியரை எதிர்த்து ஆடியபோதும் பெருந்தோல்வி. மேலும் ஒரு பருவம் ஆடி, 2023-இன் இறுதியில் விலகினார்.

பெர்த்தில் அன்று அவர் அணிந்திருந்தது போர்ட் அடிலெய்டு கழகத்தின் சட்டை. சிறுவயதில் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.